ஜோடி டயர்

கதவைத் திறக்காதீங்கண்ணா. கையை எடுங்க அதுல இருந்து. நான் பிரேக்கில இருந்து காலை எடுத்தேன்னா இந்த வண்டி போயிரும், பின்னாடி கொக்கியில மாட்டியிருக்கிற ஜெனரேட்டர் டிரெய்லர் போயிரும், அது நேரா உங்க பஸ் மூஞ்சியில போய்த்தான் நிக்கும். ஜன்னல் வழியாவே பேசுங்க. எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது.

வந்ததுக்கு ஒரு வேலை செய்யுங்க. பின்னாடி வலது பக்கச் சக்கரத்துக்கு அடியில ஒரு கல்லு குடுத்திருக்கோம் பாருங்க. அதை இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளுங்க. காலால உதைக்காதீங்க, குனிஞ்சு கையால தள்ளுங்க. ம். அவ்வளவுதான். போதும்.

இடது பக்கம் மட்டும் போயிராதீங்க. அங்க நிக்கவே இடம் இல்லை. டயர் கிழிஞ்சு தொங்குது. டிரெய்லரோட ஒரு சக்கரம் ரோட்டை விட்டு வெளிய நிக்குது. அதுக்குக் கீழ என்ன இருக்குன்னு நான் எட்டிப் பாக்கலை. பாத்து என்ன பண்ணப் போறேன்?

நீங்க அருவி பாக்க வந்தீங்களா? குடும்பத்தோடயா? அருவி எங்கயும் போகாது, அது பாட்டுக்கு விழுந்துட்டேதான் இருக்கும். அவங்களை அந்தப் பாறை நிழல்ல உக்காரச் சொல்லுங்க. பஸ்ஸுக்குள்ள மட்டும் யாரும் திரும்ப ஏற வேண்டாம்னு கண்டக்டர்கிட்ட சொல்லிருங்க. அவரு ஒருத்தரு, வந்ததுல இருந்து விசில் அடிச்சிட்டே இருக்காரு. விசிலுக்கு நகர்ற வண்டியா இது? பஸ்ஸைப் பின்னாடி எடுக்கச் சொன்னா அதுக்கும் வழி இல்லை, அவருக்குப் பின்னாடி கீழ் வளைவு வரைக்கும் வண்டி நிக்குதாம்.

கியர்ல போட்டு நிறுத்தறதுதானேன்னு கேக்க வர்றீங்க. தெரியும். இங்க வந்து எட்டிப் பாத்த அத்தனை பேரும் இதைத்தான் கேட்டாங்க. இடது பக்கம் டயர் போய் வண்டி சாஞ்சு கிடக்குதுங்ணா. அந்தப் பக்கச் சக்கரம் ரோட்டைத் தொட்டும் தொடாம இருக்கு. கியரோட பிடி எந்தச் சக்கரம் லேசா இருக்கோ அங்க ஓடிப் போயிரும். அது சும்மா பின்னாடி சுத்த ஆரம்பிச்சுரும், வண்டியும் கூடவே கிளம்பிரும். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான் இருக்கு, துண்டு தொங்கப் போட. கால் பிரேக் ஒண்ணுதான் பிடிச்சிருக்கு. அதுவும் இன்ஜின் ஓடினாத்தான். இன்ஜின் நின்னுச்சுன்னா இந்தப் பிரேக் கல்லு மாதிரி ஆயிரும், எவ்வளவு மிதிச்சாலும் பிடிக்காது. அதனாலதான் அணைக்காம வெச்சிருக்கேன். டீசல் முள்ளை எட்டிப் பாக்காதீங்க. நானே பாக்கறதில்லை.

எங்க மாமா மேல போயிருக்காரு. மாமான்னா எங்க அக்கா மேகலாவோட வீட்டுக்காரரு, செங்கோட்டுவேல்னு பேரு. மைக் செட்டு, சீரியல் லைட்டு, ஜெனரேட்டர் எல்லாம் வாடகைக்கு விடறாரு. மலைமேல கோயில்ல இன்னிக்கு நோம்பி, திருவிழா. பசங்க நேத்தே போய் லைட்டெல்லாம் கட்டிட்டாங்க. இந்த ஜெனரேட்டர் போனாத்தான் எரியும். நோம்பி நடக்கிற ஊர்ல ஒரு டிராக்டர் இருக்காம். அதைக் கூட்டியாந்து முன்னாடி சங்கிலி போட்டு இழுக்கணும். பால்காரர் பைக்ல பின்னாடி தொத்திக்கிட்டுப் போனாரு. போகும்போது ஜன்னல்ல தலையை விட்டு என்ன சொன்னாரு தெரியுங்களா? "இரு மாப்ள, வந்துடறேன்."

இரு! இருக்காம நான் எங்க போவேன்?

சிரிக்காதீங்க. எனக்கு இந்த வார்த்தை கேட்டாலே பத்திக்கிட்டு வருது. எங்க வீட்டுல எல்லாருக்கும் என்கிட்டச் சொல்றதுக்கு இந்த ஒரு வார்த்தைதான் தெரியும். எங்கப்பா அம்மா கோழிப்பண்ணையில வேலை, அங்கயே குடியிருக்காங்க. என்னை அக்கா வீட்டுல விடும்போது, "நல்ல பையனா இரு"ன்னாங்க. சரி, இருந்தேன். போன வருஷம் தையில மாமா ஒரு கோயில் வாசல்ல சீரியல் லைட் ஆர்ச் கட்டிட்டு இருந்தவரு, மேல இருந்து விழுந்துட்டாரு. வலது கால். முட்டிக்குக் கீழ முறிஞ்சு உள்ள தகடு வெச்சிருக்கு. நடப்பாரு, கொஞ்சம் இழுத்து இழுத்து. ஆனா அந்தக் கால்ல எதையும் பலமா அமுக்க முடியாது. ஆஸ்பத்திரிக் கட்டில்ல படுத்துக்கிட்டு, "கொஞ்ச நாள் கூட இரு மாப்ள"ன்னாரு. அக்கா, "இந்த சீசன் மட்டும் இருடா லிங்கேசு"ன்னா. லிங்கேஷ், அதான் என் பேரு.

சீசன்னா என்னன்னு நினைக்கறீங்க? தையில ஆரம்பிச்சு வைகாசி வரைக்கும் நோம்பி. வைகாசி முடிஞ்சுச்சு, விடுவாங்கன்னு பாத்தா ஆடி வந்துருச்சு. ஆடி போனா ஆவணியில கல்யாணம். அப்புறம் பிள்ளையாரு. அப்புறம் சபரிமலைக்காரங்க பஜனை. அப்புறம் மறுபடியும் தை. இந்த சீசன் எங்க முடியுதுன்னு நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

நான் அப்ப பன்னண்டாவது படிச்சிட்டு இருந்தேன். பத்தாவதுல ஒரு வருஷம் கூடுதலா உக்காந்தவன், அதனால கிளாஸ்லயே முதல்ல லைசென்ஸ் எடுத்தது நான்தான். படிப்பு எனக்கு வரலைங்கறதை நான் மறைக்கறதில்லை. விட்டுட்டு வந்ததுக்கு அழவும் இல்லை. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்றேன். அங்கயும் நாளெல்லாம் உக்காந்துதான் இருந்தேன், ஆனா அங்க மணி அடிப்பாங்க.

அண்ணா, அந்தத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் வாயில ஊத்துங்க. என்னால ஸ்டியரிங்கை விட முடியாது. மெதுவா. சட்டையில ஊத்திட்டீங்க, பரவாயில்லை, அதுவும் நல்லாத்தான் இருக்கு.

யாரது பின்னாடி கத்தறது? "மைக் செட்டு வண்டிதான, ஒரு பாட்டாவது போடு தம்பி"யா? அவரு கோழியை இடுக்கிக்கிட்டு நிக்கிறவருதானே. உங்க கோழியைக் கூவச் சொல்லுங்க பெரியவரே! அது இன்னிக்கு ஒரு நாள்தான் கூவும்.

இந்த வண்டியை யாரு வாங்கச் சொன்னதுன்னு கேட்டீங்கல்ல? நான்தான். சொல்றதுக்கு எனக்கு ஒரு வெக்கமும் இல்லை. அந்தக் கதையைக் கேட்டுட்டு நீங்களே சொல்லுங்க, யாரு பண்ணினது தப்புன்னு.

அதுவரைக்கும் ஜெனரேட்டரை இழுக்க டிராக்டர் வாடகைக்குத்தான் பிடிப்போம். அறுப்பு வந்துட்டா டிராக்டர்காரன் போனையே எடுக்கமாட்டான். சொந்தமா ஒரு பழைய வண்டி வாங்கிருவோம்னு மாமா நொண்டிக்கிட்டே கிளம்பினாரு. நாமக்கல்ல பைபாஸ் ரோட்டுல பழைய வண்டிங்க நிக்கிற யார்டுக்குப் போனோம். அர்த்தநாரின்னு ஒரு தரகரு. ரெண்டு வண்டி காட்டினாரு. ஒண்ணு வெள்ளை பிக்கப். பின்னாடி பக்கத்துக்கு ஒரே டயர், மொத்தம் நாலு. இன்னொண்ணு இது. பின்னாடி பக்கத்துக்கு ரெண்டு ரெண்டா ஜோடி டயர், மொத்தம் ஆறு.

மாமாவுக்குப் பாத்த உடனே சின்ன வண்டி மேலதான் கண்ணு. ஏன்னு கேட்டேன். "நாலு டயர்னா நாலும் கண்ணுக்குத் தெரியும் மாப்ள. ஜோடி டயர்ல உள்ள இருக்கறது செத்துப் போனாலும் வெளிய இருக்கறது காட்டிக் குடுக்காது"ன்னாரு. "நோம்பி நடக்கற ஊர்ல தெருவெல்லாம் சந்து, இவ்வளவு அகலத்துக்குத் திரும்பாது"ன்னாரு. இதெல்லாம் ஒரு காரணமா? டயர்னா ஓடறதுக்கு வாங்கறதா, உக்காந்து பாக்கறதுக்கு வாங்கறதா?

நான் விடலை. ரெண்டுலயும் யார்டுல நின்ன ஒரு லோடு டிரெய்லரை மாட்டி ஓட்டிப் பாத்துருவோம்னேன். சின்ன வண்டியில மாட்டிப் பைபாஸ்ல போனேன். ஒரு பள்ளத்துல இறங்கி ஏறினதும் பின்னாடி டிரெய்லர் இந்தப் பக்கம் போகுது, வண்டி அந்தப் பக்கம் போகுது. யாரோ பின்னாடி நின்னு சட்டையைப் பிடிச்சு உலுக்கற மாதிரி. ஸ்டியரிங்கைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டுத்தான் திரும்பி வந்து சேந்தேன். அதே ரோடு, அதே பள்ளம், இந்த வண்டியில போனா டிரெய்லர் இருக்கறதே தெரியலை. அடி அகலமா இருந்தா ஆட்டம் இருக்காது. ஒரு டயர் போனாலும் பக்கத்துல இன்னொண்ணு தாங்கும். இதைச் சொன்னா தரகரு என் முதுகுல தட்டினாரு. "பையனுக்கு விஷயம் தெரியுதுங்க. நாமக்கல்காரன் நாலு டயர்ல போனா எதிர்ல வர்ற லாரிக்காரன் ஹாரன்கூட அடிக்க மாட்டான், பால் வண்டின்னு நினைச்சுக்குவான்"ன்னாரு. அங்க நின்ன மெக்கானிக்கெல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்.

மாமா சிரிக்கலை. சாவியை வாங்கிட்டுப் போய் அந்த வெள்ளை வண்டியில ஏறி உக்காந்துட்டாரு. விழுந்ததுக்கப்புறம் அவரு டிரைவர் சீட்டுல உக்காந்தது அதுதான் முதல் தடவை. யார்டுக்குள்ளயே ஒரு சுத்து சுத்தினாரு. பிரேக்கை அமுக்கறாரு, வண்டி நிக்குது. கொஞ்சம் போறாரு, அமுக்கறாரு, நிக்குது. சின்னப் பையன் மாதிரி அதையே திரும்பத் திரும்பப் பண்றாரு. மூஞ்சியெல்லாம் சிரிப்பு. இறங்கி வந்து, "பூ மாதிரி இருக்கு மாப்ள. இதுன்னா நானே ஓட்டிக்குவேன். நீ ஜூன்ல பள்ளிக்கூடம் போய்க் கேட்டுப் பாரு, திரும்பச் சேத்துக்குவாங்க"ன்னாரு.

பாருங்கண்ணா. நாங்க போனது ரெண்டு டன் ஜெனரேட்டரை இழுக்கறதுக்கு வண்டி வாங்க. இவரு பூவைப் பத்திப் பேசறாரு. பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேசறாரு. வண்டி இழுக்கறதைப் பாத்து வாங்கறதா, காலைப் பாத்து வாங்கறதா? இதை நான் எல்லார் முன்னாடியும் வாய் விட்டே கேட்டுட்டேன். மனசுல ஒண்ணு வெளிய ஒண்ணு எனக்கு வராது.

அப்புறம் இந்த வண்டியில ஏறி உக்காந்தாரு. பிரேக்கை ஒரு அமுக்கு அமுக்கினாரு. முட்டியைப் பிடிச்சுக்கிட்டே இறங்கிட்டாரு. "உன் இஷ்டம் மாப்ள. நீதான ஓட்டப் போற"ன்னாரு.

ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன். ஜெயிச்சேன்தான். வர்ற வழியெல்லாம் ஹாரன் அடிச்சுக்கிட்டே வந்தேன்.

அண்ணா! அண்ணா, கல்லு! கல்லு நகருது, பாருங்க! டேய், தள்ளுங்கடா யாராவது! சீட்டுக்குப் பின்னாடி ஒரு கட்டை மாட்டியிருக்கும், இந்த ஜன்னல் வழியா கையை விடுங்க, எடுங்க, எடுத்துக்கிட்டுப் போய்ச் சக்கரத்துக்கு அடியில குடுங்க. ஓடுங்க! கல்லுக்கும் சக்கரத்துக்கும் நடுவுல! அடிங்க, இன்னும் அடிங்க!

நின்னுச்சா?

நின்னுச்சு. மூச்சு விடுங்க எல்லாரும். அந்தக்காவை அழ வேண்டாம்னு சொல்லுங்க, ஒரு சாணுதான் நகர்ந்துச்சு. வண்டிக்குள்ள இருக்கிற நானே அழலை. கால்தான் ஆடுது. பாருங்க, தொடையில இருந்து ஆடுது. நான் ஆட்டலை, அதுவா ஆடுது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? கட்டையா? ஆமா, புதுசுதான். புதுசுன்னா வாங்கி ஒரு வருஷம் ஆச்சு. வண்டி எடுத்த அன்னிக்கே மாமா ஆசாரிகிட்டச் சொல்லிப் புளியங்கட்டையில கடைஞ்சு வாங்கிட்டு வந்தாரு. டயரைத் தட்டிப் பாக்கறதுக்கு. காத்து இருந்தா டங்குன்னு கை எகிறும், இல்லைன்னா சாக்கு மூட்டையில அடிச்ச மாதிரி பொத்துன்னு கேக்கும். உள்ள இருக்கிற டயர் கண்ணுக்குத் தெரியாதுல்ல, அதனால சத்தத்தை வெச்சுத்தான் தெரிஞ்சுக்கணுமாம். வண்டி கிளம்பும்போதெல்லாம் தட்டணுமாம். ஆறையும். ஒவ்வொரு தடவையும் குனிஞ்சு, உள்ள கையை விட்டு. பூஜை மாதிரி.

தட்டறதுதான். முதல் வாரம் தட்டினேன். அப்புறம் இது ஒரு வேலையான்னு விட்டுட்டேன். இன்னிக்குக் காலையில அடிவாரத்துல டீ குடிக்க நிறுத்தினோம். "தட்டிப் பாத்தியா மாப்ள"ன்னாரு. "பாத்தாச்சு"ன்னேன். பாக்காம இல்லை, காலால ஒரு உதை விட்டுப் பாத்தேன். வெளிய இருந்தது ரெண்டும் கல்லு மாதிரி இருந்துச்சு. உள்ள இருக்கறது வெளிய தெரியாதுங்களே, தெரியாததை எப்படிப் பாக்கறது? நோம்பிக்கு நேரம் வேற ஆயிட்டு இருந்துச்சு.

உங்க பஸ் டிரைவர் கொஞ்ச முன்னாடி குனிஞ்சு பாத்துட்டு ஒண்ணு சொன்னாரு. "உள் டயர் இன்னிக்குச் செத்தது இல்லை தம்பி, அது செத்து ரொம்ப நாளாச்சு. வெளி டயர் ஒண்டியா இத்தனை நாளும் ரெண்டு பேர் பாரத்தையும் சுமந்துட்டு வந்திருக்கு. ஏத்தம் வந்ததும் அதுக்கும் முடியலை"ன்னாரு. நான் என்ன சொல்ல? டயர் வித்தவனைத்தான் சொல்லணும். ரோடு போட்டவனைச் சொல்லணும். இந்த வளைவுல இவ்வளவு சரிவு யாரு வைக்கச் சொன்னது?

ஆனா ஒண்ணுங்ணா. இப்ப நீங்க என்னை அந்த யார்டுக்குக் கூட்டிட்டுப் போய் எது வேணும்னு கேட்டாலும் ஆறு டயர்தான்னு சொல்வேன். சின்ன வண்டியா இருந்திருந்தா இந்த வளைவு வரைக்கும்கூட வந்திருக்காது, கீழ பத்தாவது வளைவுலயே டிரெய்லர் இழுத்துட்டுப் போயிருக்கும். இல்லை, ஒரு வேளை வீட்டு வாசல்லயே காத்து இறங்கிக் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், பஞ்சர் ஒட்டிட்டு வந்திருப்போம். அது வேற விஷயம். அதை விடுங்க.

கால் மரத்துப் போச்சு. இப்பப் பிரேக்கை அமுக்கறது நானா இல்லை அதுவாவே அமுங்கி இருக்கான்னே தெரியலை. உங்க பையை என் முதுகுக்குப் பின்னாடி சொருகுங்க. ஆங். சாஞ்சு அமுக்கினாக் கொஞ்சம் பரவாயில்லை.

உங்களுக்கு ஒண்ணு சொல்லட்டுங்களா? என் கூடப் படிச்சவன் நிதின், பாலிடெக்னிக் சேந்துட்டான். போன வாரம் ஒரு கல்யாணத்துல சாப்பிட வந்தவன், நான் வண்டிக்குள்ள படுத்திருக்கறதைப் பாத்துட்டு, "என்னடா, இதுலயே குடி வந்துட்டியா?"ன்னு கேட்டான். வேடிக்கையாத்தான் கேட்டான். ஆனா உண்மைதானே. ஜெனரேட்டர் ஓடுற வரைக்கும் நான் அங்க இருக்கணும். எல்லா ஊர்லயும் எல்லாரும் சாமி பாக்கறாங்க, ராட்டினம் ஏறறாங்க. நான் இந்தக் கண்ணாடி வழியா பாக்கறேன். இந்த வண்டியை ஓட்ட எங்க வீட்டுல வேற ஆள் இல்லை. மாமாவால பிரேக்கை அமுக்க முடியாது. வேற டிரைவர் போடுங்கன்னா, "வெளியாள் வந்தா நம்ம பொருளைப் பாத்துக்க மாட்டான் மாப்ள, நீ இரு"ங்கறாரு. அவருக்கு அவரு ஜெனரேட்டர்தான் முக்கியம். நான் இந்த வண்டியில ஒரு பார்ட்டு. கியர் ராடு மாதிரி.

சத்தியமாச் சொல்றேன். ஒரு வருஷமா ஒருத்தராவது வந்து "இறங்குடா"ன்னு ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களான்னு பாத்துட்டு இருக்கேன். இப்ப யாராவது சொல்லட்டும். இந்தக் கதவைத் திறந்து குதிச்சேன்னா அடிவாரத்துலதான் நிப்பேன். திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன். எனக்கு எதுக்கு இந்த மலை, இந்த நோம்பி?

அது டிராக்டர் சத்தம்தானே? மேல இருந்து வருதா? பாருங்கண்ணா, எட்டிப் பாருங்க. வருதா? அப்பாடா.

மாமா அதுலதான் தொத்திக்கிட்டு வர்றாரா? அவரு கால்ல அதுல ஏன் நின்னுட்டு வர்றாரு? மெதுவா இறங்கச் சொல்லுங்க. விழுந்து வெக்கப் போறாரு.

இங்கிட்டு, இங்கிட்டு! முன்னாடி அடியில பெரிய வளையம் ஒண்ணு இருக்கு பாருங்க, அதுல மாட்டுங்க. பம்பர்ல மாட்டாதீங்க, பம்பர் தனியாப் பிஞ்சு வந்துரும். என்ன சங்கிலி இது? கிணத்துல தூர் வாரற சங்கிலியா? துரு ஏறிக் கிடக்குதே. வேற இல்லையா? சரி, மாட்டுங்க. இருக்கறதை வெச்சுத்தானே ஆகணும்.

நீங்க இப்பத் தள்ளி நில்லுங்கண்ணா. சங்கிலி அறுந்தா முகத்துல வந்து அடிக்கும். அந்தப் பாறைப் பக்கம் போங்க. இல்லை, போக மாட்டேன்னா ஜன்னலோட ஒட்டி நில்லுங்க. எப்படிப் பண்ணணும்னு சொல்லட்டுங்களா? டிராக்டர் இழுத்துச் சங்கிலி விறைப்பா நிக்கற வரைக்கும் நான் பிரேக்கை விடக்கூடாது. விறைச்சதும் கொஞ்சங் கொஞ்சமா விடணும். நடுவுல சங்கிலி அறுந்துச்சுன்னா அந்த நொடியே திரும்ப மிதிக்கணும். மிதிச்சா நிக்கும். கொஞ்சம் பிசகினாலும் நிக்காது. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்லை.

கதவைத் திறக்காதீங்க மாமா. மாமா, சொன்னாக் கேளுங்க. திறந்துட்டாரு பாருங்க.

என்ன? என்ன சொல்றீங்க? சத்தத்துல கேக்கலை.

கேட்டீங்களாண்ணா என்ன சொல்றாருன்னு? என்னை இறங்கச் சொல்றாரு. இவரு உக்காந்துக்குவாராம். "வண்டி போனா போகுது, ஜெனரேட்டர் போனா போகுது, நீ இறங்கு முதல்ல, உங்கக்காகிட்ட யாரு பேச்சு வாங்கறது"ங்கறாரு. மாமா, உங்களால அமுக்க முடியாது. முடியுமா? எந்தக் கால்ல? அந்தக் கால்லயா? டீக்கடை பெஞ்சுல இருந்து எந்திரிக்கவே என் தோளைப் பிடிக்கறீங்க.

பாருங்கண்ணா இவரை. ஒரு கையில கதவைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையில என் சட்டையைப் பிடிச்சு இழுக்கறாரு. "காலை மாத்திக்கலாம் மாப்ள, நான் என் காலை உன் கால் மேல வைக்கறேன், நீ உருவிக்கோ"ங்கறாரு. வழியெல்லாம் யோசிச்சுட்டு வந்திருப்பாரு போல. நெத்தியெல்லாம் வேர்த்து, பவுடர் போட்ட மாதிரி தூசி.

இதே அந்த வெள்ளை வண்டியா இருந்தா இறங்கியிருப்பேன். அது அவரு காலுக்கு ஆகும். பூ மாதிரி இருக்குன்னாரே. இது ஆகாது. பாத்து எடுத்தவன் நான்தானே.

டிராக்டர்காரரே, இழுங்க! நான் ரெடி. இழுங்கன்னா இழுங்க, அவரு கிடக்கறாரு! நேரா இழுங்க, இடது பக்கம் வெட்டாதீங்க!

இறுகுது. சங்கிலி இறுகுதுங்ணா. பேசாதீங்க யாரும்.

விடறேன். கொஞ்சம் விடறேன்.

பிடிச்சிருக்கு. நகருது. பின்னாடி டிரெய்லர் சக்கரம் ரோட்டுல ஏறுதான்னு பாருங்க. ஏறுதா? சத்தமாச் சொல்லுங்க. ஏறுதா? கிழிஞ்ச டயர் தார்ல அடிக்கிற சத்தம்தான் அது, பயப்படாதீங்க. யாரோ ஒருத்தர் அந்தக் கட்டையையும் கல்லையும் கையில எடுத்துக்கிட்டுச் சக்கரத்துக்குப் பின்னாடியே நடந்து வாங்க. கட்டையைத் தொலைச்சுராதீங்க. அது வேணும்.

இன்னும் முழுசா வரலை. வளைவு தாண்டினாத்தான். அறுந்தா மிதிக்கக் கால் தயாரா இருக்கு, மரத்துப் போன கால்னாலும் என் கால்தானே.

மாமா கதவை விடமாட்டேங்கறாரு. வண்டி கூடவே நடக்கறாரு, அந்தக் காலை இழுத்து இழுத்து. அவரு நடக்கிற வேகத்துக்குத்தான் வண்டியும் ஏறுது. ஒவ்வொரு எட்டுக்கும் ஒரு தடவை சொல்றாரு, "இறங்குடா மாப்ள, இறங்குடா"ன்னு.

நான் இறங்கலை.